மதுரை – சென்னை – டல்லாஸ்: இரண்டு தனித்தனி டிக்கெட், 92 கிலோ சாமான். என்ன செய்வது?

வைகைக்கரை
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக அமெரிக்கா வருகிறார்கள். சென்னையிலிருந்து தோஹா வழியாக டல்லாஸுக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. மதுரையிலிருந்து சென்னைக்கு வேறொரு நிறுவனத்தில் தனியாக எடுத்தேன். நேற்றிரவுதான் அந்த உள்நாட்டு டிக்கெட்டை ஊன்றிப் படித்தேன். ஆளுக்கு 15 கிலோ என்று இருக்கிறது.

அம்மா ஏற்கெனவே நான்கு பெட்டிகளையும் கட்டி முடித்துவிட்டார். கத்தரி வெயிலில் காயவைத்த வடகம், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கொப்பரை, பேரனுக்கு வெள்ளி அரைஞாண், இவற்றோடு டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றும். ‘வெளிநாட்டு டிக்கெட்டைக் காட்டினால் மதுரையிலேயே 46 கிலோவுக்கும் ஒப்புக்கொள்வார்கள்’ என்கிறார் அப்பா. அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

மலைக்கோட்டை
தம்பி, திருச்சியில் பதினெட்டு ஆண்டுகளாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை.

அப்பா சொல்வது ஒரே டிக்கெட்டில் போகிறவர்களுக்குப் பொருந்தும். மதுரை – சென்னை – தோஹா – டல்லாஸ் முழுவதையும் ஒரே பதிவு எண்ணில் எடுத்திருந்தால், மதுரையில் ஏறும்போதே வெளிநாட்டுப் பயணத்துக்கான அளவு செல்லும். நீங்கள் எடுத்திருப்பது இரண்டு டிக்கெட். மதுரை கவுன்ட்டரில் இருப்பவருக்கு உங்கள் பெற்றோர் சென்னை வரை போகிற பயணிகள், அவ்வளவுதான். எத்தனை கிலோ என்பதை முடிவு செய்வது நீங்கள் போகிற நாடு இல்லை, விமானத்தின் பெயரும் இல்லை. கையில் இருக்கும் அந்த டிக்கெட்தான். டிக்கெட்டில் ‘பேக்கேஜ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘15 கே.ஜி.’ என்றோ ‘2 பி.சி.’ (இரண்டு உருப்படி) என்றோ போட்டிருப்பார்கள். எவரும் படிக்காத கட்டம் அதுதான்.

கணக்குப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து 92 கிலோ. உள்நாட்டு டிக்கெட்டில் 30 கிலோ. மிச்சம் 62 கிலோவுக்கு விமான நிலையத்தில் கிலோ கணக்கில் கட்டினால் டிக்கெட் விலையைத் தாண்டிப் போகும். முன்கூட்டியே இணையதளத்தில் 5, 10, 15 கிலோ என்று வாங்கிவைத்தால் குறையும், அப்போதும் சிறிய தொகை இல்லை.

கோடம்பாக்கம்
15 கிலோ என்பதே அநியாயம். நான்கு பேர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால் பட்டுப்புடவையும் வேட்டியுமே அதற்கு மேல் வரும். இதை யாரும் கேட்பதில்லையா?

மலைக்கோட்டை
உங்கள் கோபம் எனக்கும் உண்டு, கோடம்பாக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஏர் இந்தியாவில் 25 கிலோ இருந்தது. அப்புறம் 20 ஆயிற்று. 2024 மே மாதம் குறைந்த கட்டண வகைகளுக்கு 15 ஆக்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ‘எக்ஸ்பிரஸ் லைட்’ என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தது. அதில் கைப்பை மட்டும்தான், பெட்டிக்கு இடமே இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, பெரிய சூட்கேஸோடு வந்து நின்ற ஒரு பெரியவரை என் கண்ணால் பார்த்தேன். மருமகன் போட்டுக் கொடுத்த டிக்கெட். அவருக்கு அது தெரியவே தெரியாது. விலையைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறவர் ஒருவர், கவுன்ட்டரில் நிற்கிறவர் வேறொருவர். அதனால்தான் டிக்கெட் எடுத்த கையோடு அந்த வரியைப் பயணிக்குப் படித்துக் காட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

வைகைக்கரை தம்பிக்கு இன்னொன்று, எடையைவிடப் பெரியது. தனித்தனி டிக்கெட்டில் மதுரை விமானம் தாமதமாகிச் சென்னையில் தோஹா விமானத்தைத் தவறவிட்டால், இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. எவ்வளவு நேரம் இடைவெளி வைத்திருக்கிறீர்கள்?

வைகைக்கரை
மூன்று மணி நேரம், அண்ணா.

மலைக்கோட்டை
போதாது. சென்னையில் உள்நாட்டு முனையத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள் என்றால் நான் இதற்குச் சம்மதிக்கவே மாட்டேன்.

ரயிலை யோசித்தீர்களா? பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் சென்னை. இரண்டடுக்கு ஏ.சி.யில் ஆளுக்கு 50 கிலோ இலவசம். மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஸ்லீப்பரிலும் 40 கிலோ. எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கினால் விமான நிலையம் பக்கம். பகலில் உறவினர் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு இரவு விமானம் ஏறலாம்.

சிராங்கூன்வாசி
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். திருச்சி – சிங்கப்பூர், திருச்சி – கோலாலம்பூர் தடங்களில் வருகிறவர்களுக்கும் இதே குழப்பம். ஸ்கூட், ஏர் ஏசியா போன்ற பட்ஜெட் விமானங்களில் அடிப்படைக் கட்டணத்தில் பெட்டி கிடையாது, தனியாக வாங்க வேண்டும். கைச்சாமானிலும் வித்தியாசம். ஏர் ஏசியாவில் இரண்டு உருப்படியும் சேர்த்து 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. போகும்போது ஒன்றிலும் திரும்பும்போது இன்னொன்றிலும் வந்தால் ஒரே பையே ஒரு பக்கம் செல்லும், மறுபக்கம் செல்லாது.

கோடம்பாக்கம்
7 கிலோவையெல்லாம் யாரும் எடை போடுவதில்லை. நான் பத்து கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து முறை போயிருக்கிறேன்.

பாலைநிலம்
கோடம்பாக்கம் சகோதரரே, உங்களுக்கு அப்படி நடந்திருக்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு வந்துவிட்டு ஷார்ஜா திரும்பும்போது விமானத்தின் வாசலில் நிறுத்தி என் கைப்பையை எடை போட்டார்கள். 11 கிலோ. பணம் கட்டு அல்லது பொருளை எடு என்றார்கள். அம்மா கொடுத்த பலகாரப் பொட்டலம் அங்கேயே நின்றுவிட்டது. அன்று அந்த வரிசையில் எத்தனை பேர் முறுக்கையும் அதிரசத்தையும் குப்பைத் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பத்து முறை கேட்காதவர்கள் பதினோராவது முறை கேட்பார்கள். முதன்முறையாக விமானம் ஏறுகிற பெரியவர்களை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

மலைக்கோட்டை
வழிமொழிகிறேன். இந்தியாவில் ஒரு கைப்பை, 7 கிலோ என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் பொது அளவு. அதற்கு மேல் பெண்களுக்கான சிறு பை அல்லது லேப்டாப் பை ஒன்று. மதுரை, தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குச் சுழல்விசிறி (ப்ரொப்பெல்லர்) வைத்த சிறிய விமானம் வந்தால் தலைக்கு மேல் இருக்கும் அறையும் சிறியது. கொஞ்சம் பருத்த பையைப் படிக்கட்டருகிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அப்படி வாங்கும்போது பாஸ்போர்ட், மருந்து, நகை, பவர் பேங்க் நான்கையும் கையில் எடுத்துக்கொண்ட பிறகே பையைக் கொடுக்க வேண்டும்.

இனி அந்த ‘2 பி.சி.’. அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு எடைக் கணக்கு இல்லை, உருப்படிக் கணக்கு. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள், நீளம் அகலம் உயரம் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள். ஒரு பெட்டி 26 கிலோ, மற்றது 20 கிலோ என்றால் ‘மொத்தம் 46 தானே’ என்று வாதாட முடியாது. 26 கிலோ பெட்டிக்கு அதிக எடைக் கட்டணம் உண்டு. அப்பாவின் பெட்டியில் இடம் இருக்கிறது, அம்மாவின் பெட்டியில் கூடிவிட்டது என்பதும் எடுபடாது. வளைகுடா, தென்கிழக்கு ஆசியத் தடங்கள் பலவற்றில் இருக்கும் எடைக் கணக்கில் மட்டும்தான், ஒரே பதிவு எண்ணில் இருக்கும் குடும்பம் மொத்த எடையைப் பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறது. எந்தக் கணக்கானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது. அதில் நியாயம் இருக்கிறது.

காலிப் பெட்டியின் எடையையும் மறக்காதீர்கள். பெரிய சூட்கேஸ் தானே நான்கு, ஐந்து கிலோ வரும். கொக்கி வைத்த தொங்கு தராசு ஒன்று வாங்கிப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். 23 வரை நிரப்ப வேண்டாம், 22-இல் நிறுத்துங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே மாதிரி காட்டுவதில்லை.

ஏரிக்கரை
கொப்பரையை எடுத்துவிடச் சொல்லுங்கள்! முழுக்க உலர்ந்த கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று ஆபத்தான சரக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. ஸ்கேனரில் வட்டமாகப் பளிச்சென்று தெரியும். பெட்டியைத் திறக்கவைத்து எடுத்துவிடுவார்கள்.

ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காயையே கைப்பையில் விடாமல்தான் இருந்தார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு சிறப்பு அனுமதி கொடுத்து, 2025 ஜனவரி 20 வரை சோதனைக்குப் பிறகு கொண்டுபோகலாம் என்றது.

வைகைக்கரை
ஐயோ, அம்மா பன்னிரண்டு கொப்பரை வைத்திருக்கிறார். இன்றே சொல்கிறேன். பருப்புப் பொடியைக் கைப்பையில் வைக்கலாமா? பெட்டி தொலைந்தாலும் அது தொலையக் கூடாது என்கிறார்.

ஏரிக்கரை
வேண்டாம். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட தூள் எதுவாக இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், என்னவென்று தெளியாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். 2018-லிருந்து இருக்கும் விதி. ஒரு தம்ளர் அளவுக்குமேல் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

ஊறுகாய், நெய், எண்ணெய் ஆகியவை பன்னாட்டு விமானத்தில் திரவம்தான், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. நான் ஊறுகாய் கட்டும் முறையைச் சொல்கிறேன். பாட்டிலை முக்கால் மட்டும் நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் மூடியைத் திருகுங்கள். மூடியைச் சுற்றி டேப். பிறகு ஒரு ஜிப் பை, அதன்மேல் பழைய துண்டு, மறுபடியும் ஒரு பை. பெட்டியின் நடுவில், சக்கரம் இருக்கும் பக்கமாக நிற்கவையுங்கள். என் மகள் வீட்டுக்கு ஆறு முறை கொண்டுபோயிருக்கிறேன், ஒரு சொட்டு கசிந்ததில்லை.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி சேர்ந்த பண்டம் எதுவும் அமெரிக்காவுக்கு வேண்டாம். மற்ற உணவுப் பொருள்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

பாலைநிலம்
வளைகுடா வருகிறவர்கள் இதையும் படியுங்கள். கசகசா இங்கே தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்குப் போடுகிற அதே கசகசாதான். மசாலாப் பொடியில் அரைத்திருந்தாலும் வேண்டாம். எடை சரியாக இருக்கிறது என்று கவுன்ட்டரில் அனுப்பிவிடுவார்கள். அந்த நாடு அனுமதிக்கிறதா என்பது வேறு கேள்வி, அதை யாரும் ஏறும் இடத்தில் கேட்பதில்லை.

ஊரில் கடைசி நாளில் யாராவது ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, ‘என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள், மருந்துதான்’ என்பார்கள். முகத்துக்கு அஞ்சி வாங்காதீர்கள். பிரித்துப் பார்க்காத பொட்டலம் உங்கள் பெட்டியில் இருந்தால் அது உங்களுடையதுதான். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சிராங்கூன்வாசி
பவர் பேங்க் பற்றி மலைக்கோட்டை அண்ணன் ஒரு வார்த்தையில் கடந்துவிட்டார். அது பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-அவர் (அதில் அடங்கும் மின்னாற்றலின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. மேலே 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74 வாட்-அவர். எழுத்து அழிந்துபோன பழையதை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுமுன் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். தலைக்கு மேல் சாமான் வைக்கும் அறையில் இருந்த பவர் பேங்க்கிலிருந்து தீ தொடங்கியிருக்கலாம் என்று அந்நாட்டுப் புலனாய்வில் சொன்னார்கள். அதன்பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை விதித்தது. எமிரேட்ஸ் அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதையும் இயக்கக் கூடாது என்றது. இருக்கைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

யாழ்வாணி
எல்லோரும் ஏற்றுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். இறங்கும் இடத்தில் பயணப்பொதி வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து தங்கையின் திருமணத்துக்குச் சென்னை வந்தேன். கூறைச்சேலை, எனக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிய உடுப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டிகள் வரும் சுழல்பட்டி நின்றுவிட்டது, என் பெட்டி வரவில்லை. வெளியே அம்மா காத்துக்கொண்டிருக்கிறார், பிள்ளைகள் அழுகிறார்கள். ‘வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் கதைப்போம்’ என்றுதான் எனக்கும் தோன்றியது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், ‘பிள்ளை, இந்த மண்டபத்தை விட்டு வெளியே போகாதே. எழுதிக் கொடுத்துவிட்டுப் போ’ என்றார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் சொன்னபடி கடைசியாக வந்த விமான நிறுவனத்தின் மேசைக்குப் போய் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பினேன். அந்தப் படிவத்துக்கு ஓர் எண் தருவார்கள். அதன்பிறகு நடக்கும் ஒவ்வொன்றுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள்.

பெட்டி ஐந்தாம் நாள் வந்தது, திருமணம் நான்காம் நாள். இடையில் வாங்கிய சேலைக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும் ரசீது வைத்திருந்தேன். பன்னாட்டு விமானப் பயண இழப்பீட்டுக்கான மொன்றியல் உடன்படிக்கையில் கனடாவும் இருக்கிறது, இந்தியாவும் 2009-லிருந்து இருக்கிறது. அதன்படி தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். சேதத்துக்கு 7 நாள். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு ஆண்டு. 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். அது தானாகக் கிடைக்கும் தொகை இல்லை, நட்டத்தைக் காட்டினால் அதுவரை. இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று கைகாட்டினால் மயங்காதீர்கள். ஒரே ரிக்கெற்றில் வந்தால் முதலாவது நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசி நிறுவனத்திடமும் கேட்கலாம். நான் கடைசி நிறுவனத்திடம் கேட்டேன். ரசீது வைத்திருந்த அவ்வளவுக்கும் பணம் வந்தது. கூறைச்சேலைக்கு மட்டும் யாரிடமும் கேட்க முடியாது.

மலைக்கோட்டை
சகோதரி, இதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். இந்தியாவுக்குள் மட்டும் பறந்தால் அந்த வரம்பு பொருந்தாது. உள்நாட்டில் ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் வரைதான். நகை, பணம், கேமரா இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் தம் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. பேரனின் வெள்ளி அரைஞாண் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும், தம்பி.

பெட்டியை மூடுமுன் உள்ளே இருப்பதை ஒரு படம், மூடிய பிறகு வெளியே ஒரு படம், கவுன்ட்டரில் ஒட்டிய பிறகு டேக்கை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பயணத்தின் டேக்குகளைக் கிழித்துவிட வேண்டும். கவுன்ட்டரில் கொடுக்கும் டேக்கில் கடைசி ஊர் டல்லாஸ் என்று இருக்கிறதா என்று அப்பா வாய்விட்டுப் படிக்கட்டும்.

ஏரிக்கரை
கிரைண்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. இங்கே 230 வோல்ட், அங்கே 120. அப்படியே செருகினால் அரைக்காது. பத்து கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைப்பதற்கா? அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்றதாகவே அங்கே கிடைக்கிறது.

வைகைக்கரை
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். கிரைண்டருக்குத்தான் வருத்தப்பட்டார், கொப்பரைக்கு உடனே ஒப்புக்கொண்டார். மதுரை விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், கொஞ்சம் பணம் போயிற்று. பாண்டியனில் இரண்டடுக்கு ஏ.சி. கிடைத்தது. கிரைண்டர் போனதும் நான்கு பெட்டியும் சேர்ந்து 79 கிலோதான், கைப்பைகளோடு சேர்த்தாலும் 100-க்குள். தாம்பரத்துக்குச் சித்தப்பா வருகிறார்.

வைகைக்கரை (ஐந்து வாரம் கழித்து)
வந்து சேர்ந்துவிட்டார்கள். சென்னைக் கவுன்ட்டரில் நான்கு பெட்டியும் 22-க்குக் கீழே. அப்பா ஒவ்வொரு டேக்கையும் வாய்விட்டுப் படித்தாராம். பின்னால் நின்றவர்களும் தங்கள் டேக்கைப் பார்க்கத் தொடங்கினார்களாம்.

டல்லாஸில் மூன்று பெட்டிதான் வந்தன. வடகம் இருந்த பெட்டி வரவில்லை. அப்பா என்னை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, தானே மேசையைத் தேடிப் போய், கைபேசியில் இருந்த படங்களைக் காட்டி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். ஆங்கிலம் தடுமாறியதாம், படங்களே பேசிவிட்டன என்கிறார். மூன்றாம் நாள் காலையில் பெட்டி வீட்டு வாசலுக்கு வந்தது. வடகம் ஒன்றும் நொறுங்கவில்லை. ஆனால் ஒரு சக்கரம் பெயர்ந்து, பக்கவாட்டில் விரிசல் இருக்கிறது. யாழ்வாணி அக்கா, இதற்கும் கேட்கலாமா?

யாழ்வாணி
கேட்கலாம். பெட்டி கைக்கு வந்த நாளை முதல் நாளாக வைத்து 7 நாளுக்குள், எழுத்தில். மூடிய பெட்டியின் பழைய படத்தையும் இப்போதைய படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். படிவ எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வைகைக்கரை
இன்று நான்காம் நாள். இப்போதே எழுதுகிறேன், அக்கா.